ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குச் சொகுசுக் கப்பலில் குறைந்த செலவில் கேபின் பிடிப்பது எப்படி?

கேள்வி: "மும்பை செம்பூரில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார் (68), பையன் (11), பொண்ணு (6). ஒருமுறை கப்பலில் போய்வர ஆசை. ஆனால் 5 பேர் என்று போட்டாலே அறை இல்லை என்கிறது, இல்லையென்றால் எட்டாத விலையில் ஒரு பெரிய சூட் அறையைக் காட்டுகிறது. என்ன வழி?"

முதலில் 5 என்று போட்டுத் தேடுவதை நிறுத்துங்கள். கப்பலில் இடம் இருக்கும். 5 பேருக்கும் ஒரே அறை என்று கேட்பதால்தான் இல்லை என்று வருகிறது. கேபின்களில் பெரும்பாலானவை 2 பேருக்கானவை. மிச்சத்தில் 3, 4 படுக்கை உள்ளவை ஓரளவு இருக்கும். ஐந்தாவது படுக்கை போட்டிருக்கும் கேபின் மிகச் சில, அவையும் பெரும்பாலும் விலை கூடிய வகையில்தான் வரும். 3 என்று ஒரு தேடல், 2 என்று இன்னொரு தேடல் போட்டுப் பாருங்கள். அதே கப்பலில், அதே தேதியில் கேபின்கள் வந்து நிற்கும்.

"இரண்டு கேபின் என்றால் இரண்டு மடங்கு செலவாகுமே" என்பதுதான் அடுத்த தயக்கம். ஓட்டல் மாதிரி அறைக்கு இவ்வளவு என்று கப்பலில் வாங்குவதில்லை, தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். ஒரு கேபினில் முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைந்த கட்டணம். துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் ஆகியவை எந்தப் படுக்கையில் படுத்தாலும் தலைக்குத் தலை. ஒரே ஆள் தனியாக ஒரு கேபின் எடுத்தால், பெரும்பாலான கம்பெனிகளில் இரண்டு பேருக்கான கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும்.

இதைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கீழே இருப்பவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள், எந்தக் கப்பலின் விலையும் அல்ல. முழுக் கட்டணம் ரூ. 30,000, கூடுதல் படுக்கைக்கு ரூ. 15,000, துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்கு ரூ. 8,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3+2 என்று பிரித்தால்: நான்கு முழுக் கட்டணம் 1,20,000, ஒரு கூடுதல் படுக்கை 15,000, ஐந்து பேருக்கு வரி வகை 40,000. மொத்தம் ரூ. 1,75,000.

4+1 என்று பிரித்து மாமியாரைத் தனி கேபினில் வைத்தால்: இரண்டு முழு 60,000, இரண்டு கூடுதல் 30,000, தனி ஆளுக்கு இரட்டைக் கட்டணம் 60,000, வரி வகை 40,000. மொத்தம் ரூ. 1,90,000.

ஐவருக்கும் ஒரே பெரிய கேபின், அதன் முழுக் கட்டணம் தலைக்கு 50,000 என்றால்: இரண்டு முழு 1,00,000, மூன்று கூடுதல் 45,000, வரி வகை 40,000. மொத்தம் ரூ. 1,85,000.

இதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. சாதாரண கேபினின் முழுக் கட்டணத்தை இரண்டால் பெருக்கி, கூடுதல் படுக்கைக் கட்டணத்தைக் கழியுங்கள். மேலே சொன்ன கணக்கில் 60,000 - 15,000 = 45,000. ஐவர் கேபினின் முழுக் கட்டணம் அந்தத் தொகைக்குக் கீழே இருந்தால் மட்டுமே ஒரே கேபின் லாபம். அதற்கு மேல் போனால் இரண்டு கேபின்தான் மலிவு, கூடவே இரண்டு குளியலறையும் கிடைக்கும். கப்பல் குளியலறையில் ஒருவர் திரும்பி நிற்கவே இடம் பார்க்க வேண்டும். காலை 8 மணிக்கு 5 பேர் கிளம்ப வேண்டும் என்றால் அந்த இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும்.

'குழந்தைகளுக்கு இலவசம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அந்தச் சலுகை பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு மட்டுமே. 6 வயதுப் பொண்ணே ஆனாலும் கேபினில் இரண்டாவது ஆளாகப் பதிந்தால் முழுக் கட்டணம்தான். உங்களுக்கு 3+2 பிரிவில் ஒரு பிள்ளைக்குத்தான் இலவசம் பொருந்தும். அந்த மூன்றாவது இடத்தில் தவறிப்போய் மாமியார் பெயரைப் போட்டுவிட்டால் அதுவும் போச்சு. சலுகை இருக்கும் நாட்களில் 4+1 பிரிவும் 3+2 பிரிவும் ஒரே தொகைக்கு வந்துவிடும், இரண்டிலும் நான்கு முழுக் கட்டணம். அப்போது மாமியாருக்குத் தனி அறை பிரியமா என்பதை அவரையே கேட்டுவிடலாம். இலவசம் என்றாலும் அந்தப் பிள்ளைக்குத் துறைமுகக் கட்டணமும் வரியும் உண்டு.

யாரை யாரோடு போடுவது? இதற்குக் கட்டணத்தை விடப் படுக்கை முக்கியம். மூன்றாவது படுக்கை இரண்டு வகையில் வரும். ஒன்று, சுவரிலோ கூரையிலோ மடித்து வைத்திருக்கும் மேல்படுக்கை. இரவில் ஊழியர் வந்து இறக்கி ஏணி மாட்டிவிட்டுப் போவார். இன்னொன்று, சோபாவை இழுத்துப் போடுவது. மேல்படுக்கை என்றால் மாமியாருக்கு ஆகாது, 6 வயதுக் குழந்தைக்கும் உசிதமில்லை. கப்பல் ஆடும்போது இரவில் இறங்கி வர வேண்டியிருக்கும். அதில் பையன்தான் ஏற வேண்டும். எனவே மேல்படுக்கை உள்ள கேபினில் நீங்கள், கணவர், பையன். மற்றதில் மாமியாரும் பேத்தியும். சோபா என்றால் பொண்ணை உங்களோடு வைத்துக்கொண்டு பையனைப் பாட்டியோடு அனுப்பலாம். பாட்டி இருப்பதால் 'ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர்' என்ற விதி உங்களுக்குத் தானாகவே நிறைவேறிவிடுகிறது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்ற குடும்பமாக இருந்தால் அம்மாவை ஒன்றிலும் அப்பாவை ஒன்றிலும் எழுத வேண்டியிருக்கும். கப்பலில் ஏறிய பிறகு யார் எங்கே தூங்குகிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. வரவேற்பு மேசையில் கேட்டால் மற்ற கேபினுக்கும் ஒரு சாவி அட்டை போட்டுத் தருவது வழக்கம்.

இன்னொரு சிறு விஷயம்: சில கேபின்களில் மேல்படுக்கையை இறக்கினால் கீழே இருக்கும் இரண்டு கட்டில்களையும் சேர்த்துப் போட முடியாது. பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள்.

இனி கேபின் எண்ணைத் தேர்ந்தெடுப்பது. கம்பெனியின் இணையதளத்தில் கப்பலின் ஒவ்வொரு தளத்துக்கும் வரைபடம் இருக்கும், டெக் பிளான் என்பார்கள். அதன் ஓரத்தில் குறிகளுக்கான விளக்கம் இருக்கும்: மூன்றாவது படுக்கைக்கு ஒரு குறி, நான்காவதற்கு ஒரு குறி, இடைக்கதவு உள்ள கேபின்களுக்கு இரு முனையும் அம்பு போட்ட கோடு. முதலில் மூன்று படுக்கைக் கேபினைப் பிடித்துவிட்டு, பிறகு அதன் பக்கத்திலோ எதிரிலோ இரண்டு படுக்கைக் கேபினைத் தேடுங்கள். அரிதாகக் கிடைப்பது மூன்று படுக்கைதான், அது முதலில் தீர்ந்துவிடும்.

'பக்கத்து ரூம்' என்று ஏஜென்ட் சொன்னால் அதில் இரண்டு அர்த்தம் உண்டு. சுவர் மட்டும் பொதுவாக இருப்பது ஒன்று, உள்ளேயே கதவு இருப்பது இன்னொன்று. உங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். ஒரே ஒரு இடைக்கதவுக் கேபினை மட்டும் எடுத்து அடுத்த பக்கம் வேறு குடும்பம் வந்தால், அந்தக் கதவு வழியாக அவர்கள் வீட்டுப் பேச்செல்லாம் உங்கள் காதில் விழும்.

பால்கனி வேண்டும், காசும் மிச்சமாக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஒரு பால்கனி கேபினும், நடைபாதைக்கு நேர் எதிரே ஜன்னலில்லாத உள்கேபினும் எடுங்கள். ஐந்து பேரும் மாலையில் ஒரே பால்கனியில் உட்கார்ந்துகொள்ளலாம், தூங்க மட்டும் பிரிந்தால் போதும்.

உள்கேபினிலேயே நான்கைந்து விலைப் பிரிவுகள் இருக்கும். பெரும்பாலும் அறை ஒன்றுதான், இடம்தான் வேறு. மாமியாருக்காகக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் பாருங்கள், ஆட்டம் குறைவாக இருக்கும். முன்முனையும் மேல்தளமும் ஆட்டம் கூடிய இடங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருப்பதையும், நாடக அரங்கத்துக்கோ இரவு விடுதிக்கோ மேலே இருப்பதையும் தவிருங்கள். மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம்தான் நல்ல தளம்.

கேபின் எண்ணைக் கம்பெனியே பிறகு ஒதுக்கும் வகை ஒன்று உண்டு, கேரண்டி கேபின் என்பார்கள். விலை குறையும். ஒரே கேபினில் போகிற தம்பதிக்கு நல்ல பேரம். இரண்டு கேபின் எடுப்பவர்களுக்கு அது சூதாட்டம்: ஒன்று நான்காம் தளத்தின் வாலிலும், மற்றது எட்டாம் தளத்தின் தலையிலும் வரலாம். 6 வயதுக் குழந்தையும் 68 வயதுப் பெரியவரும் இருக்கும் வீட்டுக்கு அதை எடுக்கவே கூடாது.

ஐந்து பேரையும் முதல் நாளே பதிந்துவிடுங்கள். "இப்போதைக்கு நாலு பேர், அம்மா வருவாங்களான்னு அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால், பிறகு கேபினில் படுக்கை காலியாக இருந்தாலும் சேர்க்க முடியாமல் போகலாம். காரணம் உயிர்காப்புப் படகு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆபத்து நேரத்தில் கூடும் இடம், அதாவது மஸ்டர் ஸ்டேஷன், தனித்தனியாக உண்டு. அதற்கென்று படகு இடங்களும் எண்ணி வைத்திருக்கும். அந்தப் பகுதியின் எண்ணிக்கை நிரம்பிவிட்டால் கூடுதல் ஆளைக் கணினி ஏற்காது. கைக்குழந்தையும் இதில் ஒரு ஆள்தான். பெயரை நீக்குவது சேர்ப்பதைவிடச் சுலபம். இறுதிப் பணம் கட்டும் தேதிக்கு முன் நீக்கினால் பொதுவாக இழப்பும் குறைவு. இரண்டு பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் இடம் தருவார்கள்.

மும்பையிலிருந்தே கிளம்ப வேண்டும் என்றால் கார்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' கப்பல் இருக்கிறது. 1990-ல் ராயல் கரீபியன் கம்பெனியில் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் வந்த கப்பல் அது, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. அந்தத் தலைமுறைக் கப்பல்களில் கேபின்கள் சிறியவை, பால்கனிகளும் சொற்பம். ஆகவே ஐவர் ஒரே அறை என்ற எண்ணத்தை இதில் அடியோடு விட்டுவிடலாம். உள்கேபின் இரண்டு எடுப்பதே சரி. கோவா போய்த் திரும்பும் வார நடுப் பயணங்கள் வார இறுதியைவிட மலிவாக இருப்பது வழக்கம். தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலையைப் பார்க்கவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் பருவமழையில் கொந்தளிக்கும், அந்த மாதங்களை மறந்துவிடுங்கள். லட்சத்தீவு வழித்தடம் அழகுதான், ஆனால் அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சிறு படகுக்கு மாறிக் கரைக்குப் போக வேண்டும். அலை அதிகமானால் அந்த இறக்கமே ரத்தாகும். முழங்கால் வலி உள்ள பெரியவரோடு முதல் பயணம் என்றால் கோவாவே போதும் என்பேன்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் மூன்று, நான்கு படுக்கைக் கேபின்களும் இடைக்கதவுக் கேபின்களும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஐந்து விமான டிக்கெட், ஐந்து விசா, முன்னும் பின்னும் ஓட்டல் என்று சேர்ந்தால் கேபினில் மிச்சம் பிடித்தது காணாமல் போகும். கப்பலில் ஏறி மலேசியாவோ தாய்லாந்தோ போய்த் திரும்பினால் அது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. பலமுறை நுழையும் விசாதானா என்று ஐந்து பேருக்கும் பாருங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் ஏஜென்ட் டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் கையிலிருந்து முதலில் போய்விடும்.

ஏஜென்டிடம் கேட்கும்போது "கேபின் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். ஐந்து பேருக்கும் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, இரண்டு கேபின் எண்களும் என்ன, மூன்றாவது படுக்கை எந்த வகை, ரத்து செய்தால் எந்தத் தேதிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்கக் கம்பெனிகளில் சேவைக் கட்டணம் பெரும்பாலும் தலைக்கு நாளொன்றுக்கு 16 டாலரோ அதற்கு மேலோ இருக்கும். 5 பேர், 4 இரவு என்றாலே 320 டாலராவது ஆகிவிடும். விளம்பர விலையில் அது இருக்காது. இந்த மொத்தத் தொகையை வைத்து இரண்டு ஏஜென்டையும் கம்பெனியின் இணையதளத்தையும் ஒப்பிட்டுவிட்டு, பிடித்த கேபின்களை ஒரு நாள் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள், பல ஏஜென்டுகளால் முடியும்.

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், கட்டிலுக்கு அடியில் தள்ளக்கூடிய துணிப்பைதான் இந்த கேபின்களுக்குச் சரி. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் சி.எஸ்.எம்.டி. நிலையம் வந்து அங்கிருந்து கப்பல் ஏறும் பாலார்ட் பியர் போவதென்றால், கறுப்பு-மஞ்சள் டாக்சியில் நாலு பேருக்குத்தான் இடம். அங்கேயும் இரண்டாகத்தான் பிரிய வேண்டும், அல்லது வீட்டிலிருந்தே ஒரு பெரிய வண்டியைச் சொல்லிவிடுங்கள்.