பேராசிரியர் பதில்கள்: அகலிகை வகுப்பறைக்கு வரலாமா?

கேள்வி: பக்தர்களின் மனம் புண்படும் என்றால், ஒரு கட்டுரையைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து எடுத்துவிடுவதில் என்ன தவறு? கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் அவசியமா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: எந்தக் கட்டுரை என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்கு நினைவுக்கு வருவது, ராமாயணக் கதை ஊருக்கு ஊர் வேறுபடுவதைப் பற்றிக் கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் எழுதிய 'முந்நூறு ராமாயணங்கள்'. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாற்று மாணவர்கள் படித்தது. 2008 பிப்ரவரியில் ஏபிவிபி என்ற மாணவர் அமைப்பினர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து பொருள்களை அடித்து நொறுக்கினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், நால்வர் அடங்கிய நிபுணர் குழுவிடம் வந்தது. மூவர் கட்டுரை இருக்கட்டும் என்றார்கள். ஆனாலும் 2011 அக்டோபரில் கல்விப் பேரவை அதை நீக்கிவிட்டது. ஒத்துக்கொள்ளாத நான்காமவர் சொன்ன காரணங்களில் ஒன்று, இதை நடத்தும் திறம் கல்லூரி ஆசிரியர்களுக்குப் போதாது என்பது. படித்தபோது என்னையே திட்டியதுபோல் இருந்தது.

ஏனென்றால், அந்தக் கட்டுரையில் வால்மீகி, சமண ராமாயணம், தாய்லாந்துக் கதை, ராவணன் தும்மிச் சீதை பிறக்கும் கன்னடக் கதை இவற்றோடு நம் கம்பரின் அகலிகையும் இருக்கிறாள். கணவர் கௌதம முனிவரின் உருவில் வந்தவன் இந்திரன் என்று 'உணர்ந்தபின்னும் தக்கது அன்று என்ன ஓராள்' என்கிறார் கம்பர். தெரிந்த பிறகும் தகாது என்று அவள் நினைக்கவில்லை என்பது பொருள். இந்தப் பாட்டை இருபது வருடங்களுக்கு மேல் பி.ஏ. தமிழ் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். முதல் தடவை வியர்த்துப்போனது உண்மை. கடைசி பெஞ்சில் சிரிப்பு வேறு. அப்போது முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்: "தெரிந்தும் இருந்தவளைப் பின்னால் விசுவாமித்திரர் 'நெஞ்சினால் பிழைப்பிலாள்', அதாவது மனத்தால் குற்றம் செய்யாதவள், என்கிறாரே, அது எப்படி ஐயா?" சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த சமாதானங்களை எல்லாம் சொன்னேன். அவள் எதையும் ஏற்கவில்லை. மணி அடித்தும் பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை.

மனம் புண்படுவதைப் பற்றிக் கேட்டீர்கள். 1943-இல் சென்னைச் சட்டக் கல்லூரியில், கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணா வாதிட்டார். கூடாது என்று தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை எதிர்வாதம் செய்தார். இதைவிடவா ஒரு கட்டுரை புண்படுத்திவிடும்? நான் சேதுப்பிள்ளை கட்சிதான். ஆனால் அண்ணாவுக்கு மேடை மறுத்திருந்தால் சேதுப்பிள்ளைக்கும் அங்கே வேலை இருந்திருக்காது. தில்லியிலும் எதிர்த்தவர்கள் ஒரு மறுப்புக் கட்டுரை எழுதியிருக்கலாம். இரண்டையும் பாடமாக வைத்திருக்கலாம். மேசை நாற்காலியை உடைப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் கம்பராமாயணம் இருந்தால் பாலகாண்டத்தில் அகலிகைப் படலத்தை ஒருமுறை வாசியுங்கள். அதன் பிறகும் எடுத்துவிடலாம் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். அந்த மாணவியின் கேள்விக்கு விடை கிடைத்தாலும் எழுதுங்கள்.