கிப்பர் கேட்ட மாமனார்

அன்புள்ள அக்கா,

லெஸ்டரிலிருந்து எழுதுகிறேன். என் மனைவி ஆங்கிலேயப் பெண். அவளுடைய அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வடகிழக்கு இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்து கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். இந்தக் கோடையில் அவரையும் கூட்டிக்கொண்டு சவுதாம்ப்டனிலிருந்து நார்வேக்கு ஒரு வாரம் கப்பலில் போய்வந்தோம். கப்பலில் கிப்பர் என்ற புகையிட்ட மீன், பிளாக் புட்டிங், பொரித்த ரொட்டி எல்லாம் கிடைக்கும் என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். பஃபேயில் தினமும் தேடினோம். சாசேஜ், பீன்ஸ், உருளைக்கிழங்கு ஹாஷ் பிரவுன், ரப்பர் மாதிரி முட்டை, இவைதான் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டோஸ்ட்டும் மார்மலேடும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். சமையல்காரர்கள் எல்லோரும் இந்தியர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன். அசல் பிரிட்டிஷ் காலை உணவு எந்தக் கப்பலில் கிடைக்கும்? அடுத்த வருடம் அதில் பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன். அப்புறம், பன்றி ரத்தத்தில் செய்யும் அந்தப் புட்டிங் உடம்புக்கு ஆகுமா? காலையில் பீன்ஸ் சாப்பிடும் பழக்கம் எப்படி வந்தது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கிப்பரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மாமனார் அதைக் கேட்டார் என்று படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஆட்டு ரத்தத்தை வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பொரித்துச் சாப்பிடும் ஊரில் பிறந்துவிட்டு, பிளாக் புட்டிங் உடம்புக்கு ஆகுமா என்று கேட்காதீர்கள். ரத்தம், கொழுப்பு, ஓட்ஸ் அல்லது பார்லி, கொஞ்சம் மசாலா, அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் ஸ்டோர்னோவே ஊரில் செய்வதற்கு 2013-இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பே கிடைத்திருக்கிறது. பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1886-இல் லண்டனில் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் ஹைன்ஸ் டப்பா முதன்முதலில் விற்பனைக்கு வந்தபோது அது வசதியுள்ளவர்கள் வாங்கும் பண்டம். பிறகு விலை இறங்கி எல்லார் தட்டுக்கும் வந்துவிட்டது. இதற்கு மேல் பீன்ஸைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

எந்தக் கப்பல் என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். ஒரு வாரம் முழுக்க பஃபேயிலேயே ஏன் தேடினீர்கள்? இப்போதுள்ள பெரிய கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயோனா என்ற கப்பலில் 5,000 பயணிகளுக்கு மேல் போகிறார்கள். அதில் பெரும்பாலோர் காலையில் மூன்று மணி நேரத்துக்குள் தட்டோடு வந்து நிற்கிறார்கள். பேக்கனைத் தட்டுத் தட்டாக அடுக்கி ஓவனில் வைத்து எடுத்தால்தான் கட்டுப்படியாகும். சமைத்ததைச் சூட்டோடு வைத்திருக்க வேண்டும் என்று விதி வேறு இருக்கிறது. பிரிட்டனில் 63 டிகிரி, அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு 57. பொரித்த முட்டையை அந்தச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் ரப்பராகத்தான் ஆகும், அதில் யார் மேலும் குற்றமில்லை. பொரித்த ரொட்டியை பேக்கன் கொழுப்பிலிருந்து எடுத்த கையோடு கடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கிடந்தால் சவசவத்துவிடும். ஹாஷ் பிரவுன் எவ்வளவு நேரம் கிடந்தாலும் தாங்கும். அதனால்தான் ஒரு அமெரிக்கப் பண்டம் இங்கிலீஷ் காலை உணவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கிப்பரை அங்கே திறந்து வைத்தால் அது காய்ந்துபோகும், வாசனையில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

அதே கப்பலில், கீழ்த்தளம் ஒன்றில், மேசைவிரிப்பு போட்ட உணவுக்கூடம் இருந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போயிருப்பீர்கள். காலையிலும் அது திறந்திருக்கும், உட்கார்ந்தால் வந்து கேட்டுப் பரிமாறுவார்கள், தனிக் காசும் கிடையாது. சவுதாம்ப்டனிலிருந்து கிளம்பும் பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பல்களில் அந்தக் காலைப் பட்டியலில் கிப்பர் இருப்பது வழக்கம். புகையிட்ட ஹேடக் மீனும் இருக்கும். சில நாள் கெட்ஜரீயும் வரும். சோறு, ஹேடக், அவித்த முட்டை, வெண்ணெய், கொஞ்சம் கறித்தூள் சேர்த்துக் கிளறியது, நம் பக்கத்திலிருந்து கப்பலேறி அங்கே போன சாப்பாடு. மாமனாரின் ஆசை ஒரு மாடி தள்ளி இருந்திருக்கிறது, தம்பி. நீங்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘அவர்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்.’ உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய வரி இதுதான். பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி 1842-இல் சவுதாம்ப்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஹிந்துஸ்தான் என்ற கப்பலை அனுப்பியது. அந்தக் கம்பெனியின் கிழக்குத் திசைக் கப்பல்களில் தளத்தில் வேலை செய்தவர்கள் நம் மேற்குக் கடற்கரைக்காரர்கள். கீழே கரி அள்ளிப் போட்டவர்களில் பஞ்சாபிகள் அதிகம். சமையலும் பரிமாறலும் கோவாக்காரர்கள் கையில் இருந்தன. மும்பையில் தோபி தலாவ், மசகான் பக்கம் அவர்களுக்கென்று கூட் என்ற விடுதிகள் இருந்தன. ஒவ்வொரு கிராமத்துக்கும் தன் ஊர்ப் பெயரில் ஒன்று. அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும் பையன்கள் பெட்டியை வைத்துவிட்டு அங்கேதான் படுத்துக் கிடப்பார்கள். அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று அந்த வேலை போயிருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் காலையில் மீனை வாட்டி, முட்டையை மூன்று நிமிடத்தில் எடுத்து, டோஸ்ட்டை ஆறாமல் கொண்டுபோய் வைத்தவர்கள் அவர்கள். இன்றைக்கும் அந்தக் கப்பல்களில் கோவாக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தச் சாப்பாட்டைச் சமைக்க அவர்களுக்குத் தெரியாது என்று, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பிறந்த நீங்கள், முகத்தைப் பார்த்து முடிவு செய்தீர்கள். உங்களை லெஸ்டரில் யாராவது இப்படி முடிவு கட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நீளமான கடிதம் வந்திருக்கும்?

நான் அந்தப் பக்கக் கப்பல் ஒன்றில் போனபோது உணவுக்கூடத்தில் கிப்பர் வேண்டும் என்று சொன்னேன். பரிமாறியவர் கோவாவில் மட்காவ் பக்கத்துக்காரர். முகம் மலர்ந்துவிட்டது. வெண்ணெய் மேலேயா தனியாகவா, எலுமிச்சை வேண்டுமா, பழுப்பு ரொட்டியா வெள்ளையா என்று அடுக்கிக்கொண்டே போனார். வயதானவர்கள்தான் கேட்கிறார்கள் மேடம், சில நாள் யாருமே கேட்பதில்லை என்றார். முதல் நாள் ராத்திரி கொஞ்சத்தை மட்டும் உறைநிலையிலிருந்து எடுத்து வைப்பார்களாம். கேட்கிறவர்கள் இன்னும் குறைந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள். பட்டியலில் ஒரு வரி இருப்பதும் போவதும் இதை வைத்துத்தான்.

சரி, கிப்பருக்கு வருகிறேன். உங்கள் மாமனார் எதைக் கேட்டார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஹெர்ரிங் நம் மத்திக்கு உறவுக்கார மீன், இன்னும் கொழுப்பு அதிகம். அதை முதுகுப் பக்கம் தலையிலிருந்து வால் வரை கீறி, குடலை எடுத்து, புத்தகம் மாதிரி விரித்து, கொஞ்ச நேரம் உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்து, கொக்கிகளில் வரிசையாக மாட்டி, ஓக் மரத்தூள் புகையில் தொங்கவிடுவார்கள். தீ எரியக் கூடாது, கனன்றுகொண்டு மட்டும் இருக்க வேண்டும். நார்தம்பர்லாந்தில் கிராஸ்டர் என்ற சின்ன ஊரில் 1856-இல் கட்டிய புகைவீடு இன்னும் வேலை செய்கிறது. அங்கே பதினாறு மணி நேரம் வரை புகையில் விடுகிறார்கள். உள்ளே சுவரும் உத்தரமும் தார் பூசியதுபோல் கறுத்துக் கிடக்கும், எல்லாம் ஓக் புகை. இருபதாம் நூற்றாண்டில் புகையிடும் நேரத்தைக் குறைத்துவிட்டு மீனைப் பழுப்புச் சாயத்தில் முக்கும் பழக்கம் வந்தது. சூப்பர்மார்க்கெட்டில் செங்கல் நிறத்தில் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல கிப்பர் வெளிறிய பொன்னிறமும் வெள்ளியுமாக இருக்கும், விரலால் தொட்டால் எண்ணெய் ஒட்டும்.

உங்கள் மாமனார் வளர்ந்த கடற்கரையில் ஒரு காலத்தில் மீன் கூட்டத்தின் பின்னாலேயே ஸ்காட்லாந்துப் பெண்கள் ஊர் ஊராக வருவார்கள். தெற்கே கிரேட் யார்மவுத் வரைக்கும் போவார்கள். மூன்று பேர் ஒரு குழு, இரண்டு பேர் குடல் எடுக்க, ஒருத்தி பீப்பாயில் உப்போடு அடுக்க. கத்தி வெட்டாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்வார்கள். அவருடைய அம்மா அவர்களைப் பார்த்திருப்பார். அப்புறம் அளவில்லாமல் அள்ளி அள்ளிக் கடலே காலியாகி, 1977-இல் வட கடலில் ஹெர்ரிங் பிடிக்கவே தடை போட்டார்கள். சில வருடம் கழித்துத் திறந்தபோது மீன் இருந்தது, சாப்பிடும் பழக்கம் போய்விட்டிருந்தது. வீடு நாறுகிறது, முள் இருக்கிறது, கார்ன்ஃப்ளேக்ஸ் சுலபம் என்று ஆகிவிட்டது.

முள்ளை ஒரு குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

நான் நியூகாசிலில் படித்த காலத்தில் டைன்மவுத்தில் ஒரு வீட்டு மாடியறையில் இருந்தேன். வீட்டுக்காரம்மா தனியாள். கணவர் நார்த் ஷீல்ட்ஸ் மீன்துறையில் வேலை பார்த்து இறந்துபோனவர். ஒரு சனிக்கிழமை காலையில் கூப்பிட்டு, மீன் சாப்பிடுவாயா என்றார். உயரமான எனாமல் கூஜா ஒன்றை எடுத்து, இரண்டு கிப்பரைத் தலைகீழாக, வால் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தினார். கெட்டிலில் கொதித்த தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவி முடிக்கும் நேரம்தான். வாலைப் பிடித்து எடுத்து, தண்ணீரை வடித்து, தட்டில் போட்டு, ஒரு துண்டு வெண்ணெய் வைத்தார். வீட்டில் வாசனையே இல்லை. வாட்டுவதை விட இதுதான் நல்லது, சதை காயாது என்றார். நான் நாகப்பட்டினத்துக்காரி, சிறு வயதிலிருந்து மத்தி முள் எடுத்த கை. நடுமுள்ளை நுனியில் பிடித்து அப்படியே தூக்கினேன். அந்தம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டோரத்தில் வைத்தார். கையாலேயே எடுக்க ஆரம்பித்தார்.

கணவர் போன பிறகு கிப்பர் வாங்கவே இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னார். கிப்பரை ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒருத்திக்கு எதற்கு இரண்டு என்று கடைப் பக்கமே போகவில்லையாம். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் தான் போய் வாங்கி வருவேன்.

உங்கள் மாமியாரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இருக்கிறாரா, இல்லையா? ‘அவர் ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறை வட இங்கிலாந்துக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். மருமகன் காசு செலவழித்துக் கூட்டி வந்திருக்கிறான், மீனுக்காக அவனைச் சங்கடப்படுத்துவானேன் என்று டோஸ்ட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார். அதைக் கவனித்து எனக்கு எழுதத் தோன்றிய பிள்ளை நீங்கள். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

அடுத்த வருடக் கப்பல் எதுவானாலும் சவுதாம்ப்டனிலிருந்து கிளம்பும் பிரிட்டிஷ் கம்பெனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் பருவத்துக்குப் பருவம் மாறும், பதிவு செய்வதற்கு முன் கேட்டுவிடுங்கள். ஏறிய முதல் ராத்திரியே உணவுக்கூடத் தலைமைப் பரிமாறுபவரிடம் போய், நாளைக் காலை கிப்பர் இரண்டு பேருக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். பொரித்த ரொட்டியையும் சொல்லுங்கள், அடுப்பருகே இருப்பவர் நினைத்தால் இரண்டு நிமிட வேலை. இரண்டு பேர் என்றால் ஒருவர் நீங்கள். அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து தோசைக்கு ஏங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

ஆனால் அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? கிராஸ்டரிலிருந்து தபாலிலேயே அனுப்புகிறார்கள். வாங்கி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எப்படிச் சமைப்பது என்று நான் சொன்னதை அப்படியே செய்துவிட வேண்டாம், முதலில் அவரைக் கேளுங்கள். அவர் வீட்டில் கூஜாவில் போட்டார்களா, கம்பிமேல் வைத்து வாட்டினார்களா, வாணலியா? அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள். அந்தக் கரையில் ஊருக்கு ஊர் முறை வேறாக இருக்கும், டைன்மவுத்து முறை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா