டாக்டர் தவறா, விதியா? புரோக்கரை விட்டுவிட்டு கேஸ் ஷீட்டைக் கேளுங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறேன். பித்தப்பைக் கல் என்று அம்மாவுக்கு ஒரு நர்சிங் ஹோமில் லேப்ராஸ்கோபி செய்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே வயிறு உப்பி, கண் மஞ்சளாகிவிட்டது. இரண்டு முறை போனோம். வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிறகு வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பித்தநாளம் அறுபட்டிருப்பதாகச் சொல்லி மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். நான்கு லட்சம் கடன். ஒருவர் டாக்டரிடம் பேசிப் பணம் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். இந்த ஆட்களை ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைகளில் நிறையப் பார்த்தாயிற்று. முதலில் ஒரிஜினல் பேப்பர்களை வாங்கிக்கொள்வார்கள், அப்புறம் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து. கடைசியில் டாக்டரிடம் ஒரு தொகை பேசி, அதில் பாதியைத் தங்கள் பையில் போட்டுக்கொண்டு, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று உங்களிடம் எழுதி வாங்கிவிடுவார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிறகு வழக்கு நடத்துவது பெரும்பாடு.

இப்போது உங்கள் விஷயம். பித்தநாளம் அறுபட்டது மட்டும் தவறு ஆகிவிடாது. நல்ல கையிலும் அபூர்வமாக நடக்கிற சிக்கல் அது. டாக்டர் தரப்பு வக்கீலும் இதைத்தான் சொல்வார். உங்கள் வழக்கின் பலம் அதற்குப் பிந்தைய நாட்களில் இருக்கிறது. கண் மஞ்சளாக வந்த நோயாளிக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுக்காமல் அனுப்பியது ஏன்? இதற்குத்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே முதல் வேலை கேஸ் ஷீட், அதாவது முழு சிகிச்சைப் பதிவுகள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம், நர்ஸ் குறிப்பு, திரும்பப் போன நாட்களின் ஓ.பி. சீட்டு எல்லாம் வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே 'காலை 6 மணி, வயிற்று வலி அதிகம், டாக்டருக்குச் சொல்லப்பட்டது' என்று நர்ஸ் ஒரு வரி எழுதியிருந்தால், அது பத்து சாட்சிக்குச் சமம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ கவுன்சில் விதி. வாயால் கேட்காதீர்கள், எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நர்சிங் ஹோமுக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். படித்தால் சிரிப்புதான் வருகிறது. வாய்தா மேல் வாய்தா வாங்கியே வருடங்கள் ஓடும். தெரிந்தே போங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்த ஆபரேஷனா என்று நீங்கள் எழுதவில்லை. 'நீ காசு கட்டவில்லை, உனக்கு உரிமை இல்லை' என்று புரோக்கரே பயமுறுத்துவார். அது பொய். இன்சூரன்ஸ் கம்பெனி கட்டினாலும் அது கட்டணம்தான் என்று 1995 சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி என்றால், அந்த இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடம்தான் இதில் வராது. உங்களுடையது தனியார் நர்சிங் ஹோம். அட்டையில் செய்திருந்தாலும் தைரியமாகப் போங்கள்.

போலீஸுக்கு முதலில் ஓடாதீர்கள். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் தெரிய வேண்டும். வேறொரு டாக்டரின் கருத்து வாங்காமல் அவர்களும் நகரக் கூடாது என்பது 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. சொந்தக்காரர்களைக் கூட்டிப்போய் கண்ணாடியை உடைத்தால், ஆஸ்பத்திரித் தாக்குதலைத் தடுக்கும் 2008 தமிழ்நாடு சட்டத்தில் உள்ளே போவது நீங்கள்தான்.

அந்த ஆளிடம் ஏற்கெனவே பேப்பர் எதையாவது கொடுத்திருந்தால், இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.