44ஆம் எண் சட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓர் அணியின் வரலாற்றிலேயே தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று வாதிடுவது வீண்வேலை அல்ல, அந்த வாதத்தில்தான் ஓர் ஊர் தன் நினைவுகளை எடுத்துத் தூசிதட்டிப் பார்க்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள்.

நான் ஆறு ஆண்டுகளாக நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் வேலை செய்கிறேன். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிய பேச்சு இல்லாமல் இங்கே ஓர் இலையுதிர்காலமும் கழிவதில்லை. அலுவலகத்தில் மதிய உணவு மேசையில் எப்போதும் மூன்று பெயர்கள் வரும்: ஜிம் பிரவுன், எர்னி டேவிஸ், ஃபிளாய்ட் லிட்டில். மூவரும் 44ஆம் எண் சட்டை அணிந்தவர்கள்.

பிரவுன்தான், இதில் வாதிட எதுவுமே இல்லை என்பது என் எண்ணம். டேவிஸைச் சொல்கிறவர்கள் அவர் 23 வயதில் இறந்துபோன துக்கத்தில்தான் சொல்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இரக்கம் நல்ல குணம்தான். அது அளவுகோல் ஆகுமா? உங்கள் தேர்வு யார்?

அன்புடன்,
ச.
சிராக்யூஸ்

*

அன்புள்ள ச.,

என் தேர்வு எர்னி டேவிஸ். அவர் இளம்வயதில் இறந்தார் என்பதற்காக அல்ல. அந்த மரணத்தை முற்றிலும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஆடிய ஆட்டத்தை மட்டும் முன்னால் வைத்தே இந்த வழக்கைப் பேச முடியும். உங்கள் கடிதத்தில் என்னைச் சீண்டியது 'இரக்கம்' என்ற சொல்தான். டேவிஸுக்கு நாம் செய்துவரும் அநீதி அதில் இருக்கிறது. அவர் பெயரைக் கேட்டதும் நம் கண்முன் மருத்துவமனை வந்துவிடுகிறது, மைதானம் வருவதில்லை.

முதலில் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிராக்யூஸில் ஆடியவர்களில் மிகப் பெரிய ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் ஒரு நொடியும் தயங்காமல் பிரவுன் என்பேன். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணிக்காக 1957 முதல் 1965 வரை ஒன்பது பருவங்கள் ஆடினார். அவற்றில் எட்டில், பந்தைக் கையில் ஏந்தி ஓடிக் கடந்த தூரத்தில் தேசத்திலேயே முதலிடம். மொத்தம் 12,312 கெஜம். ஒன்பது ஆண்டுகளில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. முப்பது வயதில், உச்சியில் நின்றபடியே விலகிக்கொண்டார்.

ஆனால் இதெல்லாம் கிளீவ்லாண்டின் பேரேட்டில் எழுதவேண்டிய கணக்கு. கல்லூரி அணியின் வரலாற்றில் யார் பெரியவர் என்றால், அந்தக் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு என்ன செய்தார் என்பதுதான் பேச்சு. கல்லூரிப் பிரவுனைப் பார்க்கும்போதெல்லாம் தொழில்முறைப் பிரவுனின் நிழலையும் சேர்த்தே பார்த்துவிடுகிறோம். நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

அந்த நிழலை நீக்கிய பிறகும் பிரவுன் சிறிய ஆள் இல்லை. 1956 நவம்பரில் கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. அதன் பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னொரு புள்ளி. அன்று பிரவுன் ஆறு டச்டவுன் போட்டார், ஏழு முறை உதைத்துப் புள்ளி எடுத்தார். தனியொருவராக 43 புள்ளிகள். சிராக்யூஸ் 61-7 என்று வென்றது.

அடுத்த ஆண்டின் முதல் நாள், டல்லாஸில் நடந்த காட்டன் பவுல் ஆட்டத்தில் (பருவம் முடிந்தபின் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டத்துக்குப் பவுல் என்று பெயர்) டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 132 கெஜம், மூன்று டச்டவுன், மூன்று உதைப்புள்ளிகள். அணி எடுத்த 27 புள்ளிகளில் 21 அவருடையவை. ஓர் உதையை மட்டும் எதிரணியினர் தடுத்துவிட்டார்கள். 28-27 என்று ஒரே புள்ளியில் தோல்வி. அந்த ஒரு புள்ளிக்காகப் பிரவுனைக் குறை சொல்கிறவரோடு நான் பேசவே மாட்டேன்.

1956ஆம் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பைக்கான வாக்கெடுப்பில் பிரவுனுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். கோப்பையை வென்றவர் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் பால் ஹார்னங். அவருடைய அணி அந்தப் பருவத்தில் வென்றது இரண்டு ஆட்டம், தோற்றது எட்டு. அன்றுவரை எந்தக் கறுப்பின ஆட்டக்காரரும் அந்தக் கோப்பையைப் பெற்றிருக்கவில்லை. ஆகவே 1961இல் டேவிஸ் அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார் என்பதை என் வாதத்தின் துருப்புச்சீட்டாக வைக்கமாட்டேன். அது பெரிய நிகழ்வு, ஐயமில்லை. நியூயார்க்கில் அதிபர் கென்னடி அவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். ஆனால் பிரவுனுக்கு மறுக்கப்பட்ட ஒன்றைக் காட்டி, உன்னிடம் இது இல்லையே என்று சொல்வது முறையல்ல.

நான் நம்புவது வேறொரு கணக்கை. அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அனுமதி இல்லை, எனவே இருவருக்கும் மூன்றே பருவங்கள். அந்த மூன்றில் பிரவுன் பந்தை ஏந்தி ஓடியது 361 முறை. டேவிஸ் 360 முறை. ஒரே ஓட்டம்தான் வித்தியாசம்! விதியே ஒரு தராசைச் செய்து வைத்ததுபோல. 361 ஓட்டங்களில் பிரவுன் கடந்தது 2,091 கெஜம், 360 ஓட்டங்களில் டேவிஸ் கடந்தது 2,386 கெஜம். ஓர் ஓட்டத்துக்கு பிரவுன் சராசரியாக 5.8 கெஜம், டேவிஸ் 6.6. டேவிஸின் 1960ஆம் ஆண்டுப் பருவத்தை மட்டும் எடுத்தால் ஓட்டத்துக்கு 7.8 கெஜம். நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் முன்னேறவேண்டிய ஆட்டம் இது. ஒவ்வொரு முறையும் எட்டு கெஜத்தை நெருங்குகிற ஒருவர் கையில் பந்து இருக்கும்போது எதிரணியின் பயிற்சியாளர் என்ன செய்வார்?

அத்தோடு அக்கால விதிப்படி ஆட்களை அடிக்கடி மாற்ற முடியாது. தாக்கிய அதே ஆள் திரும்பித் தடுக்கவும் வேண்டும். 1960 ஜனவரி 1, அதே டல்லாஸ், அதே காட்டன் பவுல், எதிரே டெக்சஸ் பல்கலைக்கழகம். 1959ஆம் ஆண்டுப் பருவம் முழுக்கத் தோல்வியே காணாமல் வந்திருந்தது சிராக்யூஸ். டேவிஸுக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கியவுடனே ஜெர் ஷ்வெடஸ் வீசிய பந்தைப் பிடித்து டச்டவுன். அந்த வீச்சுக்குக் கணக்கில் எழுதப்பட்ட தூரம் 87 கெஜம், அன்றைக்குக் காட்டன் பவுலின் சாதனை. பிறகு இன்னொரு டச்டவுன், இரண்டு முறை இரண்டிரண்டு கூடுதல் புள்ளிகள் (டச்டவுனுக்குப் பின் உதைக்காமல் பந்தை மறுபடியும் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்தால் இரண்டு). அணியின் 23 புள்ளிகளில் 16 அவருடையவை. தடுப்பாட்டத்தில் எதிரணியின் பந்தையும் நடுவிலேயே பறித்தார். 23-14. சிராக்யூஸ் கால்பந்துக்கு இன்றுவரை தேசிய வாகைப் பட்டம் அந்தப் பருவத்தில் கிடைத்த ஒன்றுதான்.

ஆட்டத்தின் தலைசிறந்த வீரர் என்ற விருதும் அவருக்குத்தான். விருந்தில் விருதைப் பெற்றுக்கொண்டதும் கறுப்பின வீரர்கள் மண்டபத்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லப்பட்டது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஆனாலும் இதையும் தராசில் போடவில்லை, ஆட்டத்தை மட்டும்தான் போடுகிறேன்.

உங்கள் மேசையில் யாராவது இப்படிக் கேட்பார்கள்: 1959ஆம் ஆண்டு அணியே அபாரமான அணி, தாக்குதலிலும் தடுப்பிலும் தேசத்திலேயே முதலிடம், அப்படிப்பட்டவர்களின் முதுகுக்குப் பின்னால் யார்தான் ஓடமாட்டார்கள்? நல்ல கேள்வி. பயிற்சியாளர் பென் ஷ்வார்ட்ஸ்வால்டரின் அந்த முன்வரிசை ஆட்களைப் பற்றி நாம் போதுமான அளவுக்குப் பேசுவதே இல்லை. வழி திறந்துவிடுகிறவனுக்குச் சிலை வைப்பதில்லை, வழியில் ஓடுகிறவனுக்குத்தான் வைக்கிறோம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் போன பிறகும் டேவிஸ் இருந்தார். 1961 டிசம்பரில் பிலடெல்பியாவில் நடந்த லிபர்ட்டி பவுல்தான் அவர் கல்லூரிக்காக ஆடிய கடைசி ஆட்டம். பாதி ஆட்டம் முடியும்போது மயாமி 14-0 என்று முன்னால் இருந்தது. டேவிஸ் 30 முறை பந்தை ஏந்தி 140 கெஜம் ஓடினார். சிராக்யூஸ் 15-14 என்று வென்றது. அணி சுமக்காதபோது அவர் அணியைச் சுமந்தார்.

உண்மையில் என்னை உறங்கவிடாத எதிர்வாதம் வேறு. அதை உங்கள் கடிதம் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். பிரவுனின் முதல் பருவமான 1954இல் அவருக்குப் பந்து கொடுக்கப்பட்டது 75 முறைதான். அவர் சிராக்யூஸுக்கு வந்தபோது உதவித்தொகைகூடக் கிடையாது. அவர் வளர்ந்த மன்ஹாசெட் ஊரின் வழக்கறிஞர் கென்னத் மலாய், ஊராரிடம் பணம் திரட்டி முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினார். அது பிரவுனுக்கே தெரியாது. பயிற்சியாளர்கள் அவரை வரிசையின் கடைசியில் போட்டார்கள், வேறு இடங்களுக்கு மாற்றப் பார்த்தார்கள். அவர் யார் என்று அணிக்குப் புரியவே இரண்டு பருவங்கள் ஆயின. 1956இல் எட்டே ஆட்டங்களில் 986 கெஜம் ஓடியவருக்கு மூன்று ஆண்டும் அதே அளவு பந்து கொடுத்திருந்தால்? டேவிஸுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அவரை அழைத்தன. அவரை சிராக்யூஸுக்கு வரச்சொல்லிப் பேசியவர்களில் பிரவுனும் ஒருவர். தான் முட்டித் திறந்த கதவைப் பின்னால் வந்தவனுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருந்தும் நான் டேவிஸ் என்றே சொல்கிறேன். ஆடவிடாத ஆட்டத்தை ஆடியதாக எழுதிக்கொள்ள முடியாது. எழுதத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? இந்த அளவுகோலால் பிரவுனுக்கு இழப்பு உண்டு என்று தெரிந்தேதான் இதைக் கையில் எடுக்கிறேன். பிரவுன் பெண்களை அடித்ததாகப் பலமுறை எழுந்த புகார்களையும் நான் மறந்துவிடவில்லை. டேவிஸின் ரத்தப் புற்றுநோயை எடைபோடாத தராசில் அவற்றையும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபிளாய்ட் லிட்டிலைப் பற்றிச் சுருக்கமாக. 1964 முதல் 1966 வரை மூன்று ஆண்டும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அகில அமெரிக்கப் பட்டியலில் இடம்பெற்றவர். கான்சஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து டச்டவுன் போட்டவர். 2,704 கெஜம் ஓடி டேவிஸைத் தாண்டியவர். ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் பார்த்தால் டேவிஸை எட்டவில்லை, பட்டமும் இல்லை. மொத்தக் கெஜத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதானால் பின்னாளில் நான்கு பருவங்களில் 4,299 கெஜம் ஓடிய ஜோ மோரிஸ்தான் தலைசிறந்தவர் என்று சொல்லவேண்டிவரும். உங்கள் மேசையில் யாரும் அவர் பெயரைச் சொல்வதாகத் தெரியவில்லை.

சொல்லாமல் விட்ட இன்னொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீண்ட பதில் என்றுகூடச் சொல்லலாம். வில்மத் சிதாத்-சிங். 1930களின் இறுதியில் சிராக்யூஸுக்காகக் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடியவர். கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை இறந்தபின் தாய் மணந்துகொண்டது இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் சிதாத்-சிங்கை. அந்தப் பெயரை வைத்துப் பத்திரிகைகள் இவரை 'இந்து' என்று எழுதின. கறுப்பினத்தவரோடு ஆட மறுக்கும் தென்மாநில அணிகள் ஓர் இந்தியனோடு ஆடும் என்பதால் அந்தப் பொய் அப்படியே விடப்பட்டது. நம் பெயர் ஒன்று, அங்கே ஒரு மனிதனுக்கு முகமூடியாகப் போடப்பட்டிருந்தது.

1937 அக்டோபரில் பால்டிமோரில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். அதற்கு முன்னதாக சாம் லேசி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் உண்மையை எழுதினார். மேரிலாந்து தரப்பு மறுத்தது, சிராக்யூஸ் பணிந்தது. சிதாத்-சிங் வெளியே உட்கார, அணி தோற்றது. அடுத்த ஆண்டு மேரிலாந்து சிராக்யூஸுக்கு வந்தது. இம்முறை அவர் ஆடினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகளை அடித்த சிராக்யூஸ், எதிரணிக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அதே பருவத்தில் தோற்றுக்கொண்டிருந்த கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தைத் தன் நெடும் வீச்சுகளால் கடைசி நேரத்தில் திருப்பி 19-17 என்று வெல்லவைத்தார்.

படிப்பு முடிந்தபோது தொழில்முறைக் கால்பந்தின் கதவு அவர் நிறத்துக்கு மூடியிருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கறுப்பின விமானிகளுக்கான டஸ்கீகீ விமானப் படைப்பிரிவில் விமானி ஆனார். 1943 மே மாதம், பயிற்சியின்போது விமானத்தின் எஞ்சின் பழுதாகி ஹூரான் ஏரியில் விழுந்து இறந்தார். வயது 25. மேரிலாந்து பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2013இல்.

என் அளவுகோலின்படி அவருக்கு முதலிடம் கிடையாது. அவர் ஆடிய ஆட்டங்கள் குறைவு, எட்டிய உயரமும் டேவிஸின் உயரம் அல்ல. ஆனால் பால்டிமோரில் அவர் உட்கார்ந்திருந்த அந்த மதியமும் இந்த அணியின் வரலாறுதான்.

அடுத்தமுறை உள்ளூர் ஆட்டத்துக்குப் போகும்போது கூடைப்பந்து வீரர்களின் மரியாதைக்காக, இனி வேறு யாருக்கும் தராமல் ஓய்வளிக்கப்பட்ட எண்களைப் பாருங்கள். அவற்றில் 19 இருக்கும். அவருடைய எண். 2005இல்தான் அதற்கு அந்த மரியாதை கிடைத்தது. திங்கள்கிழமை மதிய உணவு மேசையில் நான்காவதாக அந்தப் பெயரையும் சொல்லுங்கள். நான் டேவிஸைத்தான் சொல்வேன், நீங்கள் பிரவுனைச் சொல்வீர்கள். அதைச் சொல்லும்போது அவரும் அங்கே இருக்கட்டும்.

அன்புடன்