மாதக் கடைசிச் சரக்கு

வணக்கம் ஐயா,

22 வருடமாகச் சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் ஏஜென்சி நடத்துகிறேன். 4 கம்பெனி, 600 கடை. இப்போது ஒரு கம்பெனி என் பில்லிங் சாஃப்ட்வேரைத் தங்கள் சர்வரோடு இணைக்கச் சொல்கிறது. இனி நான் ஆர்டரே போட வேண்டாமாம். என் இருப்பையும் விற்பனையையும் பார்த்து அவர்களே சரக்கு அனுப்புவார்களாம். எந்த ஊரில் எது ஓடும் என்று எனக்குத் தெரியும், சென்னையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? கடை விவரத்தை வாங்கிக்கொண்டு நாளைக்கு நேராக விற்க ஆரம்பித்துவிட்டால்? ஏஐ, பிளாக்செயின் என்றெல்லாம் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?

க., தேனி மாவட்டம்

அன்புள்ள க.,

ஏஐ, பிளாக்செயின் இரண்டையும் ஓரமாக வையுங்கள். இந்தக் காரியத்துக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் போதும்.

கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை உங்களுடைய ‘எனக்குத் தெரியும்’ கிளறிவிட்டது. 1980களின் கடைசியில் இத்தாலியின் விநியோகஸ்தர்களும் பரில்லா கம்பெனியிடம் இதைத்தான் சொன்னார்கள். பார்மா நகரத்துப் பாஸ்தா கம்பெனி அது. நமக்கு அரிசி மாதிரி அவர்களுக்குப் பாஸ்தா. இந்த வாரம் தின்பதும் அடுத்த வாரம் தின்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் விநியோகஸ்தரின் ஆர்டர் மட்டும் ஒரு வாரம் மலை, மறுவாரம் மடு. தினமும் எவ்வளவு வெளியே போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று சொல்லுங்கள், அனுப்பும் அளவை நாங்கள் முடிவு செய்கிறோம் என்றது பரில்லா. சரக்கைப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில், எங்கள் குடோனுக்குள் உங்களுக்கென்ன வேலை என்று கதவைச் சாத்தினார்கள்.

அதைவிட வேடிக்கை, கம்பெனியின் சொந்த விற்பனைப் பிரிவே முறுக்கிக்கொண்டதுதான். 4, 5 வாரத்துக்கு ஒரு தள்ளுபடிக் காலம், அதற்கொரு டார்கெட், டார்கெட்டைத் தொட்டால் ஊக்கத்தொகை என்று அவர்கள் பிழைப்பு ஓடியது. சரக்கு தானாகவே போனால் நாங்கள் எதற்கு? கடைசியில் பரில்லா முதலில் தன் சொந்தக் கிடங்கில் செய்துபார்த்தது. பிறகு ஒரு பெரிய விநியோகஸ்தரின் ஒரே ஒரு கிடங்கில். இருப்பும் குறைந்தது, சரக்கில்லை என்று கைவிரிப்பதும் குறைந்தது. அதன் பிறகுதான் மற்றவர்கள் காது கொடுத்தார்கள்.

இனி உங்கள் குடோனுக்கு வருவோம். ஒரு சோப்பு வாரத்துக்கு 40 கேஸ் ஓடுகிறது, மாதம் 160 என்று வையுங்கள். 25ஆம் தேதிக்கு மேல் ஏரியா மேனேஜர் ஸ்கீமோடு, அதாவது இப்போதே எடுத்தால் தள்ளுபடி என்று வருகிறார். அந்த மாதம் கம்பெனிக்குப் போன உங்கள் ஆர்டர் முதல் வாரம் 10, அப்புறம் 15, அப்புறம் 25, கடைசி வாரம் 110. கூட்டினால் அதே 160தான். சோப்புப் போட்டுக் குளிக்கிறவர் யாரும் மாதக் கடைசியில் மூன்று மடங்கு குளிக்கவில்லை. ஆனால் கம்பெனியின் டிப்போவும் லாரியும் லோடுமேனும் அந்த 110க்குத் தயாராக நின்றாக வேண்டும். மீதி மூன்று வாரம் ஈ ஓட்ட வேண்டும்.

இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேஸ் 2,000 ரூபாய், ஸ்கீம் 5 சதவீதம் என்றால் கேஸுக்கு 100 ரூபாய் லாபம். ஓ.டி. (வங்கி ஓவர்டிராஃப்ட் கடன்) வட்டி வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 20 ரூபாய். மூன்று மாதம் வைத்திருந்து விற்றாலும் 40 ரூபாய் கையில் நிற்கிறது. குடோன் வாடகை, எலி, எக்ஸ்பயரி கொஞ்சம் தின்னும், தின்றும் மிஞ்சும். அப்படியிருக்க எந்த வியாபாரி வாங்கி அடுக்காமல் இருப்பான்?

ஆக, கம்ப்யூட்டர் 40 கேஸ் என்று சொல்லும் வாரத்தில் அதே கம்பெனியின் ஏரியா மேனேஜர் 110 எடுங்கள் என்று போன் செய்தால், இணைப்பால் என்ன பிரயோஜனம்? போன மாதம் அடுக்கியது குடோனில் கிடப்பதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பாவம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும். மேனேஜர் அதை அமுக்கிவிட்டு சரக்கை ஏற்றுவார். மூன்றாவது மாதம் ‘சிஸ்டம் சரியில்லை’ என்று இரண்டு பேரும் ஒற்றுமையாகச் சொல்வீர்கள். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் பெரிய கடைக் கம்பெனி வால்மார்ட்டும் சோப்புத் தூள் கம்பெனி பி அண்ட் ஜியும் (பிராக்டர் அண்ட் கேம்பிள்) கைகோத்த கதையைச் சொல்கிறவர்கள் கணினி இணைப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்வார்கள். 1990களின் தொடக்கத்தில் பி அண்ட் ஜி தன் ஸ்கீம்களை வெட்டி, விலையை வருடம் முழுக்க ஒரே சீராக வைக்க முயன்றதைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது திட்டு. உங்கள் கணக்கு சுத்தமா? மூன்று கடைக்குப் போன சரக்கை, அதிகம் வாங்கினால் அதிகத் தள்ளுபடி என்னும் ஸ்லாப் ஸ்கீமுக்காக ஒரே கடையின் பெயரில் பில் போடும் சேல்ஸ்மேன் உங்களிடம் இல்லையென்று சத்தியம் செய்ய முடியுமா? ஸ்கீமில் வந்த இலவசச் சோப்பைக் கணக்கில் ஏற்றாமல் அலமாரிக்கு மேல் வைப்பதில்லையா? டேமேஜ் 12 கேஸ், கிளெய்ம் வரும்வரை நல்ல சரக்கோடு சேர்ந்தே நிற்கும். கம்ப்யூட்டருக்கு அது 12 கேஸ் இருப்பு, ஆகவே அனுப்பாது. லைனில் கடைக்காரர் ‘சோப்பு எங்கே?’ என்பார். எம்ஆர்பி மாறியதும் அந்தச் சோப்புக்கு சாஃப்ட்வேரில் புதுக் குறியீட்டு எண் பிறக்கும். பழைய எண்ணின் விற்பனை வரலாறு அதோடு போயிற்று. 72 கட்டி இருந்த கேஸ் 60 கட்டியானால் எல்லாக் கணக்கும் கோணல். இது உங்கள் ஊர் வியாதி மட்டுமில்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கச் சில்லறை நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புக் கணக்குகளைச் சரக்கோடு ஒப்பிட்டார்கள். 65 சதவீதம் பொருந்தவில்லை.

எவ்வளவு அனுப்புவது என்பது ஒன்றும் ரகசிய வித்தை இல்லை. வாரம் 40 என்றால் ஆறு வேலை நாளில் நாளுக்கு சுமார் 7. மூன்று நாளுக்கு ஒரு வண்டி, வந்து சேர இரண்டு நாள்; ஐந்து நாளுக்கு 35. அதில் பாதியைப் பாதுகாப்புக்குச் சேர்த்தால் 53. கையில் 30, வழியில் 10 என்றால் 13 கேஸ் அனுப்ப வேண்டும். வழியில் வருகிற 10ஐச் சேர்க்க மறந்தால் அடுத்த வண்டியில் அதே சரக்கு இரண்டாம் முறை வந்து இறங்கும். அந்த 53ஐ எப்போது மாற்றுவது என்பதில்தான் நீங்கள் வருகிறீர்கள். வீரபாண்டித் திருவிழா எந்தத் தேதி, எந்த மில் மூடப்போகிறது, எந்தத் தெருவில் எதிர்க்கம்பெனிக்காரன் இலவசம் கொடுக்கிறான் என்பதெல்லாம் சென்னைக்கு எட்டாது. பத்து நாள் முன்னதாகச் சொல்ல உங்களுக்கு ஓர் இடம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா? 22 வருட அனுபவத்தை அங்கே எழுதுங்கள். வீம்புக்குச் செலவழிக்காதீர்கள்.

நேராக விற்றுவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. பெரிய கடைகளுக்கும் ஆன்லைன் மொத்த வியாபாரிகளுக்கும் கம்பெனிகள் மலிவாகக் கொடுக்கின்றன என்று நம் நாட்டு விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2022 ஜனவரி முதல் ஒத்துழையாமை அறிவித்ததும் அதனால்தான். ஆனால் சரக்கு அனுப்பக் கடைப் பெயர் எதற்கு? உருப்படிவாரியாக அன்றைய இருப்பு, அன்று வெளியே போனது, டேமேஜ் தனியாக. இந்த மூன்று பத்தி போதும். கடைப் பட்டியலும் கேட்டால், ஏன் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கையெழுத்து விஷயம். ஏரியா மேனேஜரிடம் ஒன்று கேளுங்கள்: இணைத்த பிறகு மாதக் கடைசி ஸ்கீமும் டார்கெட்டும் இருக்குமா? இருக்கும் என்றால் ஒரு பிராண்டுக்கு மட்டும், மூன்று மாதத்துக்கு மட்டும் போடுங்கள். விற்காத சரக்கைத் திருப்பி எடுக்கும் ஷரத்து இல்லாமல் அதுவும் வேண்டாம்.

முடிந்தால் ஒரு சோப்பின் கடந்த ஆறு மாத வாரக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். நீங்கள் வாங்கியது ஒரு பத்தி, கடைக்குக் கொடுத்தது ஒரு பத்தி. பிராண்ட் பெயர் வேண்டாம்.