பங்குச் சந்தை கேள்வி-பதில்: கோல் இந்தியா டிவிடெண்டை நம்பி எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: போன வருடம் ஓய்வு பெற்றேன். கைக்கு வந்ததில் 20 லட்சம் ரூபாயை எஃப்டியில் போட்டு வைத்திருக்கிறேன். என் மைத்துனர், "எஃப்டியை உடைச்சு எல்லாத்தையும் கோல் இந்தியா ஷேர்ல போடுங்க மச்சான், டிவிடெண்டே பென்ஷன் மாதிரி வரும், கவர்ன்மென்ட் கம்பெனி முழுகாது" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முழுகாது என்பது வரைக்கும் மைத்துனர் சொல்வது சரிதான். நாட்டின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது, உள்நாட்டில் எடுக்கும் நிலக்கரியில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தோண்டுவது கோல் இந்தியா. 2024-25-ல் மட்டும் 78 கோடி டன். அரசிடம் 63 சதவீதப் பங்கு இருக்கிறது. சோலார், காற்றாலை எல்லாம் எவ்வளவு வேகமாக வந்தாலும் நம் காலத்தில் இதை இழுத்து மூடப் போவதில்லை.

ஆனால் நீங்கள் கேட்பது பென்ஷன். போன வருடம் வந்த தொகை இந்த வருடமும் குறையாமல் வந்தால்தான் அது பென்ஷன். இங்கே என்ன வந்தது என்று பாருங்கள். 2015-16-ல் ஒரு பங்குக்கு 27.40 ரூபாய் டிவிடெண்டு, அதாவது லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கம்பெனி கொடுக்கும் தொகை. அடுத்த வருடம் 19.90. அப்புறம் 16.50, 13.10, 2019-20-ல் 12. ஆயிரம் பங்கு வைத்திருந்தவருக்கு வருடம் 27,400 ரூபாய் வந்த இடத்தில் நான்கே வருடத்தில் 12,000. மளிகைக் கடைக்காரர் அதற்காக விலையைக் குறைத்திருக்க மாட்டார். சரி, டிவிடெண்டு குறைந்தாலும் போட்ட பணம் பத்திரமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2015-ல் 400 ரூபாயைத் தாண்டிய பங்கு 2020-ல் 150-க்கும் கீழே கிடந்தது, மறுபடி 400-ஐப் பார்க்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உங்கள் மைத்துனர் சமீபத்தில் வாங்கியவராக இருப்பார் என்று நினைக்கிறேன். 2022-ல் உக்ரைன் போர் வந்து உலகம் முழுக்க நிலக்கரி விலை எகிறியது. கோல் இந்தியா தன் சரக்கில் பெரும்பகுதியை மின் நிலையங்களுக்கு ஒப்பந்த விலையில்தான் கொடுக்கிறது, மிச்சத்தை இ-ஏலத்தில், அதாவது இணையவழி ஏலத்தில், விற்கிறது. அந்தச் சின்னப் பகுதியில் கிடைத்த கூடுதல் விலைதான் லாபத்தைத் தூக்கிவிட்டது. 2023-24-ல் லாபம் 37,402 கோடி, டிவிடெண்டு 25.50. மறு வருடம் லாபம் 35,358 கோடியாக இறங்கியது, டிவிடெண்டு 26.50. கவனித்தீர்களா, இவ்வளவு ஓடியும் 2015-16-ல் கொடுத்த 27.40-ஐ அது எட்டவில்லை.

ஒப்பந்த விலையைச் சந்தை விலை அளவுக்கு ஏன் ஏற்றுவதில்லை என்று கேட்பீர்கள். ஏற்றினால் கரண்ட் பில் ஏறும், ஓட்டு போகும். 2012-லேயே லண்டனைச் சேர்ந்த டிசிஐ என்ற முதலீட்டு நிதி, சந்தை விலைக்கு விற்காமல் சிறு பங்குதாரர்களுக்கு நஷ்டம் ஏற்படுத்துகிறார்கள் என்று இதே விஷயத்துக்காக நீதிமன்றம் வரை போனது. கடைசியில் பங்கை விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பெரிய முதலாளி அரசாக இருக்கும் கம்பெனியில் நாமெல்லாம் பின்சீட்டு. அரசுக்குப் பணம் வேண்டும் என்றால் பெட்டியைத் திறப்பார்கள், அப்போது நமக்கும் கொஞ்சம் சிந்தும்: 2014 ஜனவரியில் ஒரே தவணையில் 29 ரூபாய் கொடுத்தார்கள், அதில் அரசுக்குப் போனது மட்டும் 16,000 கோடிக்கு மேல். வேறு சில சமயம் பங்கையே விற்பார்கள். 2015-ல் 358 ரூபாய் அடிப்படை விலை வைத்து 10 சதவீதம் விற்றார்கள், 2023 ஜூனில் 225 ரூபாய்க்கு இன்னொரு 3 சதவீதம். விற்பனை அறிவிப்பு வந்ததும் சந்தை விலையும் அந்தப் பக்கமாகச் சரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஐபிஓவில், அதாவது பங்கை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்றபோது, 245 ரூபாயில் சிறு முதலீட்டாளர் தள்ளுபடி போக 232.75 ரூபாய்க்குக் கொஞ்சம் கிடைத்தது. முதல் நாளே 340 பக்கம் போனதும் விற்றுவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். விற்காமலே வைத்திருந்தால் இத்தனை வருட டிவிடெண்டிலேயே போட்ட காசு திரும்பி வந்திருக்கும். 245 ரூபாய்ப் பக்கம் வாங்கினவருக்கு இது நல்ல பங்கு, 400-ல் வாங்கினவருக்கு எட்டு ஒன்பது வருடத் தலைவலி, கம்பெனி என்னவோ ஒன்றுதான்.

அதனால் கோல் இந்தியாவுக்காக எஃப்டியை உடைக்காதீர்கள். உங்களுக்கு 60 வயது ஆகியிருந்தால் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைக் கேளுங்கள். 30 லட்சம் வரை போடலாம், 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி தவறாமல் வரும். கோல் இந்தியா வேண்டவே வேண்டும் என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல் போகாமல், அதையும் நான்கைந்து தடவையாகப் பிரித்து வாங்குங்கள். அதற்கு ஜூலை-செப்டம்பர் காலாண்டைக் கவனியுங்கள். இவர்களுடைய நிலக்கரி பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து வருவது. மழை பெய்தால் குழியில் தண்ணீர் நிற்கும், டம்பர் லாரி சேற்றில் வழுக்கும், உற்பத்தி படுத்துவிடும். வருடா வருடம் நடப்பதுதான், இருந்தும் ரிசல்ட் வந்ததும் ஏதோ புதிதாக நடந்ததுபோல் விற்பவர்கள் உண்டு, அப்படி விலை இறங்கினால் வாங்கலாம்.

கேள்வி: ரெக்கார்ட் தேதிக்கு (டிவிடெண்டு யார் யாருக்கு என்று கம்பெனி கணக்கெடுக்கும் நாள்) முதல் நாள் வாங்கி, டிவிடெண்டு உறுதியானதும் மறுநாளே விற்றுவிட்டால் சுலப லாபம்தானே?

பதில்: எல்லோருக்கும் தோன்றுகிற யோசனைதான். 400 ரூபாய்ப் பங்குக்கு 10 ரூபாய் டிவிடெண்டு என்றால் ரெக்கார்ட் தேதியன்று காலை அது 390-ஐ ஒட்டித்தான் திறக்கும். வந்த பத்து ரூபாய் உங்கள் வருமானத்தோடு சேரும், 30 சதவீத வரம்பில் இருந்தால் மூன்று ரூபாய் வரி. விற்றதில் போன பத்து ரூபாயை வேறு பங்கில் வந்த மூலதன ஆதாயத்தோடுதான் கழிக்கலாம், டிவிடெண்டோடு கழிக்க முடியாது. தரகுக் கட்டணம் தனி.

கேள்வி: என்எல்சியும் இதே மாதிரிதானா?

பதில்: இல்லை. நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி, ஈரம் அதிகம், தூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. அங்கேயே எரித்து மின்சாரமாக விற்கிறார்கள், அதன் விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. ஆகவே அதை ஒரு மின் உற்பத்திக் கம்பெனியாகப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 2013-ல் மத்திய அரசு இதன் பங்கை விற்கக் கிளம்பியபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, தமிழ்நாடு அரசு நிறுவனங்களே 3.56 சதவீதத்தை வாங்கிக்கொண்டன. அந்தச் சமயத்தில் சந்தையில் தாங்கள் வாங்கிய என்எல்சி பங்கை விற்கலாமா என்று இன்னும் இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் பார்க்கலாம்.