இனிஷியலில் தொலையும் ஆய்வுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேரப் போகிறாள். ஒரு நெறியாளருக்கு எச்-இண்டெக்ஸ் 12, இன்னொருவருக்கு 30 என்கிறார்கள். கூடுதலாக இருப்பவரிடம் சேர்ப்பதுதான் நல்லதா?
– தந்தை ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு அது. ஒருவருடைய கட்டுரைகளை, மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். 25, 14, 9, 6, 5, 3, 0 என்று ஏழு கட்டுரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது, ஆறாவதற்கு 3தான். அதாவது குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஐந்து இருக்கின்றன, ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரையின் 25, நாளைக்கு 250 ஆனாலும் இந்த 5 அசையாது.

துறைக்குத் துறை வழக்கம் வேறு. வேதியியலில் பலர் சேர்ந்து எழுதுவார்கள், மேற்கோள் வேகமாகக் குவியும். கணிதத்தில் ஒரு கட்டுரையை அடுத்தவர் படித்துப் பயன்படுத்தவே ஆண்டுகள் ஆகும். கணிதக்காரரைக் கணிதக்காரரோடு, அதுவும் ஏறக்குறைய ஒரே பணிக்காலம் உள்ளவரோடுதான் ஒப்பிடலாம். எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். கூகுளின் ஆய்வுத் தேடுதளமான கூகுள் ஸ்காலர், ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை எல்லாவற்றையும் சேர்ப்பதால், தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் பதியும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தைவிடப் பெரும்பாலும் கூட்டியே காட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேமித்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடினால், அவரிடம் படித்து முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். அவர்கள் எழுதிய கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா என்று பாருங்கள். இடம் காலியா என்பதும் முக்கியம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் எடுக்கக் கூடாது.

கேள்வி: ஏழு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஸ்கோப்பஸில் என் பெயரைத் தேடினால் மூன்றுதான் வருகிறது. மீதி நான்கும் எங்கே போயின?
– ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அநேகமாக அங்கேயேதான் இருக்கும், வேறொருவர் பெயரில். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரும் இழப்புகளில் இதுதான் எளிதில் தவிர்க்கக் கூடியது, ஆனால் யாரும் முதல் நாளே சொல்லித் தருவதில்லை.

இதழின் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பதோ அப்பா பெயரின் முதலெழுத்து. எஸ். லட்சுமி என்ற மாணவி முதல் கட்டுரையில் அந்தக் கட்டத்தில் ‘எஸ்’ என்று போடுகிறார். அடுத்ததில் ‘லட்சுமி’ என்று போடுகிறார். மூன்றாவதில் நெறியாளர் ‘சுப்பையா லட்சுமி’ என்று விரித்து எழுதிவிடுகிறார். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். மேலே சொன்ன ஏழு கட்டுரைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 25, 9, 5 ஒரு கணக்கிலும் 14, 6, 3, 0 இன்னொரு கணக்கிலும் போய் விழுந்தால் இரண்டிலும் எச்-இண்டெக்ஸ் 3. சேர்த்தால் 5.

முதலில் ஒரே ஒரு பெயர் வடிவத்தை முடிவு செய்யுங்கள். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது குழப்பம் குறைந்த வழி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருந்தால் இன்னும் நல்லது. பிறகு, ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்சிட் (ORCID) தளத்தில் 16 இலக்க எண் ஒன்று வாங்குங்கள். இலவசம், பத்து நிமிட வேலை. பழைய பெயர் வடிவங்களை அதில் ‘மாற்றுப் பெயர்கள்’ பகுதியில் சேர்த்து, கட்டுரைகளை டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர இணைய அடையாள எண்) கொடுத்து ஏற்றுங்கள். அதன்பின் ஸ்கோப்பஸின் ஆசிரியர் திருத்தப் பக்கத்தில் உங்கள் பெயரில் வரும் எல்லாக் கணக்குகளையும் தேர்ந்தெடுத்து, ஒன்றாக்கச் சொல்லிக் கோரிக்கை வையுங்கள். இதற்கும் கட்டணம் இல்லை. ஒன்றாக்கும் முன் ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து பாருங்கள். அதே பெயரில் உள்ள இன்னொருவருடையது கலந்துவிட்டால், அதைப் பிரிக்க மறுபடியும் கோரிக்கை வைக்க வேண்டியிருக்கும்.

நிறுவனப் பெயரிலும் இதே வியாதி. ‘எம்.எஸ். யுனிவர்சிட்டி’ என்று நாம் சுருக்கி எழுதுகிறோம். பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்துக்கும் அதே சுருக்கம்தான். ‘எம்.எஸ்.யு.’ என்றாலோ அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வந்து நிற்கும். துறை, பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர், அபிஷேகப்பட்டி, திருநெல்வேலி 627012, தமிழ்நாடு, இந்தியா என்று ஒவ்வொரு முறையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். இணைவு பெற்ற கல்லூரியில் பதிவு செய்தவர்கள் கல்லூரி முகவரியோடு பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் உழைப்பு பல்கலைக்கழகக் கணக்கில் ஏறாது.

கேள்வி: என்ஐஆர்எஃப் தரவரிசையில் ஆய்வுக்கு எத்தனை மதிப்பெண்?
– வாசகர், தென்காசி

பதில்: உயர்கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வெளியிடும் அந்தத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பிரிவில் 100க்கு 30. கட்டுரைகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களும்தான் அதில் பெரும்பங்கு. காப்புரிமை, திட்ட நிதி மீதி. கட்டுரைக் கணக்கைப் பல்கலைக்கழகம் சொல்வதைக் கேட்டு எழுதுவதில்லை, ஸ்கோப்பஸ் போன்ற தரவுத்தளங்களிலிருந்து எடுக்கிறார்கள். முந்தைய பதிலில் முகவரிக்கு அவ்வளவு அழுத்தம் கொடுத்தது அதனால்தான்.

கேள்வி: ‘இம்பாக்ட் ஃபேக்டர் 7.8, ஏழே நாளில் வெளியீடு, கட்டணம் 3,500 ரூபாய்’ என்று ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பலாமா?
– கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: அனுப்பாதீர்கள். முறையான மதிப்பீட்டுக்குக் கட்டுரை இரண்டு மூன்று பேரிடம் போய்த் திரும்ப வேண்டும். ஏழு நாளில் அது நடக்காது.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. அதைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே. வேறு பெயர்களில் சுற்றும் ‘ஃபேக்டர்’களுக்கு மதிப்பில்லை. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். அது இதழுக்கான அடையாள எண், தரச்சான்று அல்ல.

ஸ்கோப்பஸில் இருப்பதாகச் சொன்னால், அதன் இதழ்ப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், பெயரைப் போட்டு அல்ல. எந்த ஆண்டுவரை சேர்த்தார்கள் என்று அங்கே இருக்கும். ஸ்கோப்பஸ் சேர்ப்பதை நிறுத்திவிட்ட இதழின் பழைய புகழைக் காட்டிக் காசு பறிப்பவர்கள் உண்டு. நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. அந்த இதழில் மூன்று ஆண்டுக்கு முன் வந்த ஒரு கட்டுரையின் டிஓஐ எண்ணைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிய தளத்துக்கே போகாமல் வேறு தளத்துக்குப் போனால் விட்டுவிடுங்கள்.

யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேரைக் காட்டினாலும் ஏமாறாதீர்கள். அந்தப் பட்டியலை யுஜிசியே 2025இல் கைவிட்டுவிட்டது. பிஎச்.டி. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022 விதிகளில் எடுத்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் இன்னும் வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுடலைமாடன் வில்லுப்பாட்டு பற்றித் தமிழில் ஆய்வு செய்தேன். ‘ஸ்கோப்பஸில் ஒன்றுமில்லையே’ என்கிறார்கள். தமிழ் ஆய்வுக்கு மதிப்பே கிடையாதா?
– தமிழ்த்துறை ஆய்வாளர், திருச்செந்தூர்

பதில்: மதிப்பு இருக்கிறது, அளவுகோலுக்குத்தான் அது எட்டவில்லை. கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில், துணைநூல் பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்கும் இதழ்களைத்தான் ஸ்கோப்பஸ் எடுத்துக்கொள்கிறது. தமிழ் இதழ்களில் பெரும்பாலானவை இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. வில்லுப்பாட்டையும் கொற்கையையும் தாமிரபரணிப் படுகையையும் பற்றித் தமிழில் எழுதாமல் வேறு எதில் எழுதுவது? இத்தகைய ஆய்வை எடைபோடுகிறவர்கள் எண்ணைத் தேடாமல் நூலை எடுத்துப் படிக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

ஆனாலும் உங்கள் கையில் சில வேலைகள் இருக்கின்றன. 200 சொல்லில் ஆங்கிலச் சுருக்கம் ஒன்று சேருங்கள். ரோமனில் எழுதும்போது ழகரத்துக்கு ஓரிடத்தில் ‘இசட்-எச்’, இன்னோரிடத்தில் ‘எல்’ என்று மாற்றாதீர்கள். மாற்றினால் ஒரே நூல் இரண்டு நூலாக எண்ணப்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்துருவைப் பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடு திரையில் அழகான தமிழாகத் தெரியும். பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தால், தேடுபொறிக்கும் அப்படித்தான் தெரிகிறது. ‘சுடலைமாடன்’ என்று உலகில் யார் தேடினாலும் உங்கள் ஆய்வேடு வராது. தட்டச்சு செய்தவரிடம் மூல வேர்டு கோப்பைக் கேட்டு வாங்கி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒகர, ஓகார எழுத்துகளையும், ஆங்கிலம் கலந்து வரும் வரிகளையும், அடிக்குறிப்பு எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், உடைவது அங்கேதான். இதைச் சோத்கங்காவுக்கு அனுப்பும் முன்பே செய்துவிடுங்கள்.